ஆட்டக் கிடங்கும் ஆனந்தின் மந்திரியும்

சதுரங்க மென்பொருள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, நகர்த்தல்களைக் கணித்து மதிப்பிடும் எஞ்சினும், மனிதர்கள் ஆடி முடித்த ஆட்டங்களைச் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளமும் இணைந்த ஒன்றாகும். எஞ்சினின் புகழ் பெரிது. ஆனால் ஒரு நகர்த்தல் இதற்குமுன் ஆடப்பட்டதா என்ற கேள்விக்குத் தரவுத்தளம் மட்டுமே விடை தரும்.

1966 முதல் பெல்கிரேடிலிருந்து வெளிவந்த இன்ஃபார்மேட்டர் என்னும் அச்சிட்ட ஆட்டத் தொகுதிகளைப் புரட்டித் தேடிய காலத்தை, 1980-களின் பிற்பகுதியில் ஹாம்பர்க்கில் உருவான செஸ்பேஸ் மென்பொருள் முடிவுக்குக் கொண்டுவந்தது. இத்தகைய மென்பொருளால் ஆட்டத்தின் ஒவ்வொரு நிலையையும், அதாவது பலகையில் காய்கள் நிற்கும் அமைப்பையும் அடுத்து ஆட வேண்டியவர் யார் என்பதையும், ஓர் எண்ணாகச் சுருக்கி வைத்துக்கொள்ள முடிவதால், வெவ்வேறு வரிசையில் நகர்த்தி ஒரே நிலையை அடைந்த ஆட்டங்கள் யாவும் ஒரே தேடலில் வந்து நிற்கின்றன. அவற்றோடு காட்டப்படும் வெற்றி விழுக்காட்டை அப்படியே நம்பிவிடலாகாது. வலிமையானவர்கள் எளியவர்களுக்கு எதிராக ஆடிய நகர்த்தல், அந்த ஒரு காரணத்தாலேயே சிறந்ததாகத் தோன்றக்கூடும்.

2008-இல் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்குடன் நடந்த உலகப் பட்டப் போட்டியின் மூன்றாம் ஆட்டத்தில், கறுப்புக் காய்களுடன் ஆடிய விசுவநாதன் ஆனந்த், மெரான் எனப்படும் தொடக்க முறையில் 14-ஆவது நகர்த்தலாக மந்திரியை பி7 கட்டத்தில் வைத்தார். முன்னணி ஆட்டக்காரர்களிடையே வழக்கில் இல்லாத அந்த நகர்த்தலுக்குக் கிராம்னிக் பலகையின் முன் அமர்ந்தே விடை தேட நேர்ந்தது, ஆனந்த் வென்றார். ஆடிய கணமே அது உலகறிந்த பதிவாகிவிட்டதால், ஐந்தாம் ஆட்டத்தில் அதே நிலை மீண்டும் வந்தபோது 15-ஆவது நகர்த்தலில் ஆனந்தே வழியை மாற்றி, மறுபடியும் வென்றார். போட்டி 6.5–4.5 என முடிந்தது. தரவுத்தளம் என்னும் ஆட்டக் கிடங்கில் இருப்பதைத் தெரிந்துகொள்வதைவிட, அதில் இல்லாததைக் கண்டுபிடிப்பதற்கே அது மிகுதியும் பயன்படுகிறது என்பதை இவ்விரு ஆட்டங்களும் காட்டுகின்றன.

இக்கிடங்கில் சேர்ப்பதற்கென மார்க் கிரௌதர் 1994 முதல் வாரந்தோறும் வெளியிட்டுவரும் ஆட்டத் தொகுப்பு இலவசமாகவே கிடைப்பதால், ஸ்ரீரங்கத்திலோ பச்சைமலை அடிவாரத்துத் துறையூரிலோ பயிலும் மாணவரும் புதிய ஆட்டங்களை உடனுக்குடன் பெற முடிகிறது. சிக்கல் வேறிடத்தில் எழுகிறது: குடும்பப் பெயர் இல்லாமல் முதலெழுத்தோடு வழங்கும் தமிழ்ப் பெயர்கள் தொகுப்புக்குத் தொகுப்பு வரிசை மாறியும் எழுத்துக்கூட்டல் மாறியும் பதிவாகும்போது, ஒரே ஆட்டக்காரர் இருவராகப் பிரிந்துவிடுகிறார்; எதிராளியின் ஆட்டங்களைத் தேடுபவர் அவற்றில் ஒரு பகுதியைத் தவறவிடுகிறார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஒவ்வொருவருக்கும் வழங்கும் அடையாள எண், பதிவில் இடம்பெற்றிருக்குமானால், பெயரைவிட அதைக்கொண்டு தேடுவதே நம்பகமானது.