ஆனந்தரங்கர் வாழ்ந்த வீடு

மயிலத்தில் முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே புதுச்சேரிக்குப் பேருந்து ஏறுபவர்கள் பலர். கடற்கரைக்குப் போகும் முன், பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு வீடு இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது. கீழ்த்தளம் முழுக்க நம் ஊர்க் கட்டு: நடுவே முற்றம், சுற்றிலும் வேலைப்பாடு மிக்க மரத்தூண்கள். மாடி ஏறினால் காரை பூசிய உருண்டைத் தூண்கள், பிரெஞ்சுக்காரர் பாணி. பகலில் ஆளுநர் மாளிகை, மாலையில் சொந்த வீடு என்று வாழ்ந்த மனிதரின் இரண்டு உலகங்களும் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன.

1736 முதல் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, துணி வியாபாரம், போர், ஊர் வழக்கு என எதையும் விடவில்லை. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு இதைப்போல் இன்னொரு சாட்சி கிடைப்பது அரிது.

1761 ஜனவரியில் பிள்ளை மறைந்தார். சில நாட்களிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, பின்பு நகரைத் தரைமட்டமாக்கினர். அந்த அழிவில் தப்பிய மிகச் சில கட்டடங்களில் இந்த வீடும் ஒன்று.

திண்டிவனம், விழுப்புரம் பக்கமும் முற்றம் வைத்த பழைய வீடுகள் இருக்கின்றன. உங்கள் தாத்தா வீடு அப்படி ஒன்றானால், தூணையும் கதவையும் கழற்றி விற்கும் முன், அதைக் கட்டியவர் யார், எந்த ஆண்டில் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.