கோல் விழுந்ததா, இல்லையா?

கனடா நாட்டில் கால்கரி என்று ஒரு நகரம். 2004-ம் ஆண்டு ஜூன் 5-ந்தேதி இரவு அங்கே ஐஸ் ஆக்கி ஆட்டம். ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச்சுற்று. மொத்தம் 7 ஆட்டம். 4 ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குக் கோப்பை.

கால்கரி அணி ஏற்கனவே 3 ஆட்டங்களில் ஜெயித்துவிட்டது. அமெரிக்காவின் டாம்பா பே அணிக்கு 2 வெற்றி. அன்றைய ஆட்டத்தில் இரு தரப்பும் 2 கோல் போட்டு சமமாக இருந்தன. இன்னும் ஒரே ஒரு கோல் விழுந்தால், 1989-க்குப் பிறகு கோப்பை மறுபடி ஊருக்கு வரும்!

கடைசிக்கட்டம். கால்கரி வீரர் ஜெலினாஸ் கோலை நோக்கிப் பாய்ந்தார். வட்டு அவர் காலில் பட்டுத் திரும்பியது. கோல் கீப்பர் கபிபுலின் காலை நீட்டித் தடுத்தார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நடுவர் கோல் கொடுக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

பிறகு அதே காட்சியை டெலிவிஷனில் ஸ்லோமோஷனில் காட்டினார்கள். பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். கோல் கோட்டுக்கும் வட்டுக்கும் நடுவே வெள்ளையாக ஐஸ் தெரிந்தது!

கண்ணுக்குத் தெரியாத வட்டு

ஐஸ் ஆக்கியில் பந்து கிடையாது. 3 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள ரப்பர் வட்டுதான். துள்ளாமல் இருப்பதற்காக அதை உறைய வைத்து எடுத்து வருவார்கள். நல்ல வீரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 160 கிலோ மீட்டர் வேகத்தில் போகும். நம் மெயில் வண்டியே அதற்குப் பின்னால்தான்! கேலரியில் இருப்பவருக்கும் சரி, வீட்டில் டெலிவிஷன் பார்ப்பவருக்கும் சரி, கோல் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கோல் என்றே தெரியும்.

அதனால்தான் நடந்ததைத் திருப்பிக் காட்டும் யோசனை இந்த விளையாட்டில் சீக்கிரமே வந்தது. 1955-ல் கனடா டெலிவிஷனின் ஜார்ஜ் ரெட்ஸ்லாப் என்ற தயாரிப்பாளர், ஓடும் காட்சியைப் பிலிமில் பிடித்து, அவசரமாகக் கழுவி, ஈரம் காயுமுன்பே சில நிமிடங்களில் மறுபடி காட்டினார்.

1967-ல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி ஒரு யந்திரம் கொண்டு வந்தது. காந்தத் தட்டில் 30 விநாடிக் காட்சியைப் பதிவு செய்யும். ஒரே படத்தை இரண்டு தடவை, மூன்று தடவை திருப்பிக் காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனால் ஸ்லோமோஷன். ஒரே படத்திலேயே நின்றுவிட்டால் அசையாத படம்.

விட்டுப்போன வேகன்கள்

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அங்கே டெலிவிஷனுக்கு அந்நாளில் விநாடிக்கு 30 முழுப்படம். 160 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வட்டு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஏறத்தாழ 5 அடி தாண்டிவிடும். கோல் கோட்டின் அகலம் 2 அங்குலம். கோலின் ஆழமே 4 அடிக்குக் குறைவு. முதல் படத்தில் வட்டு கோலுக்கு முன்னே இருக்கும். அடுத்த படத்தில் உள்ளே இடித்து வெளியே வந்துகொண்டிருக்கும். கோட்டைத் தாண்டிய நொடி எந்தப் படத்திலும் இல்லை!

யார்டில் சரக்கு வண்டி போகும்போது வேகன் நம்பர் எழுதுகிறோம். நடுவே இரண்டு வேகன் விட்டுப்போனால், பிறகு ரிஜிஸ்டரை எவ்வளவு நிதானமாகப் படித்தாலும் அந்த நம்பர் வருமா? அதே கதைதான். இன்று விநாடிக்குப் பல நூறு படம் எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. மெதுவாக ஓட்டினாலும் நடுவில் இடைவெளி விழுவது குறைந்துவிட்டது.

வட அமெரிக்க லீக்கில் 1991-ல் தொடங்கிய சீசன் முதல் கோலை வீடியோவில் பார்த்து முடிவு செய்யும் விதி வந்தது. வட்டு முழுவதும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். படத்தில் சந்தேகம் இருந்தால் மைதானத்தில் நடுவர் சொன்னதே நிற்கும்.

மேஜையில் ஒரு காசு

சரி, கால்கரியில்தான் வெள்ளை ஐஸ் தெரிந்ததே, அது கோல் இல்லையா?

வீட்டு மேஜையில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். ஒரு ரூபாய்க் காசைத் தரைமட்டமாகப் பிடித்து, கோட்டுக்கு நேர் மேலே ஓர் அங்குல உயரத்தில் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பாருங்கள். காசு கோட்டைத் தாண்டி அப்பால் இருப்பது போலத் தெரியும். நடுவே மேஜைப் பலகையும் தெரியும்! எழுந்து நேர் மேலிருந்து பார்த்தால் காசு கோட்டின்மேல்தான் இருக்கும்.

அன்றைக்கு வட்டு ஐஸைவிட்டு எழும்பி இருந்தது, அதனால்தான் அப்படித் தெரிந்தது என்பது மறுதரப்பின் வாதம். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் கேமரா இருந்த இடம் மாறாது அல்லவா? கோலுக்கு நேர் மேலே கேமரா வைப்பது இதற்காகத்தான். அங்கேயும் கோல் கீப்பரின் கால் மறைத்துவிட்டால் பயனில்லை.

நானும் அந்தக் காட்சியைப் பல தடவை பார்த்துவிட்டேன். முதலில் கோல் என்றுதான் சத்தியம் செய்தேன். காசை வைத்துப் பார்த்தபிறகு சந்தேகம் வந்துவிட்டது. கால்கரிக்காரர்களிடம் காசுக் கதை சொன்னால் அடிக்க வருவார்கள்!

அன்றைய ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் டாம்பா பே ஒரு கோல் போட்டு 3-2 என்று ஜெயித்தது. இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்திலும் 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுபோனது.