கடைசி கரண்ட்டுக்குப் பிறகு

அடையாறு என்றால் நம் கிராமங்களில் ஊர்ப் பெயர் இல்லை, ஆஸ்பத்திரிப் பெயர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். எந்த மாவட்டத்துச் சேரியிலிருந்தும் பஸ் ஏறி அங்கே போனவர்கள் இருப்பார்கள்.

வாய்ப் புற்றுநோய்க்காரரைப் பார்த்து 'போயிலை போட்டான், அனுபவிக்கிறான்' என்று சொல்வது சுலபம். சாக்கடை நாற்றத்திலும் குப்பை மேட்டிலும் நிற்பவர் அதைத் தாங்கத்தான் புகையிலையை அடக்குகிறார். அந்த வேலையை எந்தச் சாதியின் தலையில் கட்டினோம் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. 2013-ல் குட்காவுக்குத் தடை வந்தது; பொட்டலம் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

கதிர்வீச்சை நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். பெரும்பாலும் வாரம் 5 நாள், 6 அல்லது 7 வாரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கும். கூடவே இருந்த மனைவியின் கூலி போனது போனதுதான். கரண்ட் முடிந்து வீடு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாக ஊர் நினைக்கும். ஆனால் கடைசி நாளுக்குப் பிறகும் ஓரிரு வாரம் வாய்ப்புண் கடுமையாகத்தான் இருக்கும். நோய் திரும்பிவிட்டதோ என்று அந்தப் பெண் பதறிப்போவார். அநேகமாக அது நோயல்ல, கதிரின் சூடு. ஆற மேலும் சில வாரங்கள் பிடிக்கும்.

அதுவரை காரம், புளிப்பு, சூடு மூன்றும் வேண்டாம். ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், குழைந்த பருப்புச் சோறு, பால், முட்டையை அடித்துக் காய்ச்சிய கஞ்சி போதும். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஆப்பச் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கட்டும். எச்சில் வற்றிவிடுவதால் தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்க வேண்டும். நாக்கில் ருசி திரும்ப மாதக்கணக்காகும். தட்டை அவர் தள்ளிவிட்டால் உங்கள் சமையல் மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், அக்கா. தண்ணீரும் இறங்கவில்லை, எடை குறைகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

தாடை இறுகும். வாய் திறக்கும் பயிற்சியை வலித்தாலும் தினமும் செய்யவைக்க வேண்டும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாளாக நாளாக ஒன்று கூட்டும் முறையைச் சில மருத்துவர்கள் சொல்லித் தருவார்கள். கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகக்கூடும். அதனால் உள்ளூரில் பல்லில் கைவைக்குமுன் சிகிச்சை தந்த மருத்துவரைக் கேளுங்கள். கழுத்துத் தோலில் மஞ்சள், பச்சிலை எதையும் கேட்காமல் பூசாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவனோடு தலைமுறை தலைமுறையாகப் போராடிய நம் வீடுகளிலேயே, வாய்ப் புற்று வந்தவருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் திண்ணையில் பாயும் ஒதுக்குகிறார்கள். பேரப்பிள்ளையைக் கிட்டே விடுவதில்லை. புற்றுநோய் ஒட்டாது. வெளியிலிருந்து பாய்ச்சிய கதிர் உடம்பில் தங்காது. அவருடைய பேச்சு குழறலாம், எச்சில் வழியலாம், வாயில் வாடை வரலாம். அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். வலியைவிட இந்த ஒதுக்கம்தான் சிலரைச் சாப்பாட்டை மறுக்க வைக்கிறது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வெற்றிலை புகையிலை போட்டால் அவரால் விட முடியாது. புகையிலையை விட உதவும் இலவச எண் 1800 112 356.

முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். கழுத்தில் கதிர் பட்டிருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் சான்றிதழ் படிவம் எழுதி வாங்கினால் ரயிலில் தூங்கும் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. நம் ஆட்கள் பலர் இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துப் போய்வருகிறார்கள், அல்லது பஸ் காசு இல்லையென்று போகாமலே விட்டுவிடுகிறார்கள். படித்த பிள்ளைகள் இருக்கும் தெருவில் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒருவர் போதும்.