எல்லைப்புறத் தமிழ்க் குழந்தைகளுக்கான தொடக்க வாசிப்பு நூல்கள்: ஒலி - எழுத்து உறவு நோக்கில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தில் அமைந்தது பெருமாட்டி ஊராட்சி. இதன் கிழக்கே பொள்ளாச்சிப் பகுதி தொடங்குகிறது. முன்னாள் கொச்சி அரசின் பகுதியாக இருந்த சித்தூர் வட்டம், 1956 நவம்பர் முதல் நாள் நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பின்போது கேரளத்தில் அமைந்தது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்தது, வீட்டுமொழியைப் பிரிக்கவில்லை. இப்பகுதியிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் மிகுதி.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிப்பதற்கான வசதிகளை அரசியலமைப்பின் 350அ பிரிவு வலியுறுத்துகிறது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. எனினும், மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் தமிழ்க் குழந்தைகளும் உளர். மலையாளத்தை முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2017இல் நிறைவேறியது. பள்ளியில் தமிழ் எழுத்தைக் காணாத குழந்தைக்கு வீடே தமிழ்ப் பள்ளியாகிறது. அங்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியரின் இடத்தை நூல் பெறுகிறது. எனவே எந்த நூலைத் தேர்வது என்பது அக்குழந்தை தமிழைப் படிக்குமா, பேச்சளவில் நின்றுவிடுமா என்பதை முடிவு செய்யும் வினாக்களுள் ஒன்றாகும். இத்தேர்வுக்கு வேண்டிய மொழியியல் அடிப்படைகளை ஆராய்வதும், இவ்வகை நூல்களை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒலிமுறை வாசிப்பு: ஆங்கிலப் பின்னணி

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை வரிசைமுறையாகக் கற்பித்து, கற்ற எழுத்துகளைக் கொண்டே குழந்தை தானாகப் படிக்கத்தக்க சிறு நூல்களை அளிக்கும் முறை ஒலிமுறை எனப்படும். சொல்லை முழு உருவமாக நினைவிற்கொள்ளச் செய்யும் முறையை எதிர்த்து ருடால்ப் பிளெஷ் 1955இல் வெளியிட்ட நூல் அமெரிக்காவில் பெரும் விவாதத்தை எழுப்பியது. 2000இல் வெளிவந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும், 2006இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரோஸ் அறிக்கையும் முறைப்படுத்தப்பட்ட ஒலிப்பயிற்சியை ஆதரித்தன.

ஆங்கிலத்தில் ஓர் ஒலிக்குப் பல எழுத்துகளும், ஓர் எழுத்துக்குப் பல ஒலிகளும் உள்ளன. அவை எங்கு எவ்வாறு வரும் என்பதைப் பெரும்பாலும் முன்னறிய இயலாது. ஆங்கில ஒலிமுறை நூல்களின் அமைப்பு இச்சிக்கலுக்கு விடையாக உருவானது. தமிழின் சிக்கல் வேறு. ஆகவே ஆங்கில நூல்களின் வரிசையைத் தமிழுக்கு அவ்வாறே பொருத்துவது பயன் தராது. கொள்கை பொருந்தும், வரிசை பொருந்தாது.

3. தமிழ் எழுத்தமைப்பும் கற்றல் சுமையும்

தமிழ் நெடுங்கணக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளைக் கொண்டது. எனினும் குழந்தை கற்க வேண்டியவை 247 தனி வடிவங்கள் அல்ல. மெய்யின் வடிவமும் உயிர்க்குறியும் அறிந்தால் உயிர்மெய்களுள் பெரும்பாலானவற்றைத் தானே உருவாக்கலாம். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம், ஆகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளில் தனி வடிவம் பெற்றிருந்த 13 எழுத்துகளைப் பொதுமுறைக்குக் கொணர்ந்து இச்சுமையை மேலும் குறைத்தது.

விதிக்கு அடங்காது எஞ்சியிருப்பவை உகர, ஊகார வரிசைகளாகும். உகர வரிசை மூவகைப்படும்: கு, டு, மு, ரு, ழு, ளு என்பன ஒருவகை, ஙு, சு, பு, யு, வு என்பன மற்றொரு வகை, ஞு, ணு, து, நு, லு, று, னு என்பன மூன்றாம் வகை. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன் எழுதப்பட்டுப் பின் ஒலிக்கப்படுவதும், ஒகர, ஓகாரக் குறிகள் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்பதும் தனிக் கவனத்திற்குரியன.

இந்திய அசையெழுத்து முறைகளின் கற்றல் குறித்து ஆய்வுகள் வளர்ந்துள்ளன. கன்னடக் குழந்தைகளைப் பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துத் தொகுதி முழுவதையும் கைக்கொள்வதற்கு நீண்ட காலம் பிடிப்பதையும், ஒலியன் உணர்வு மெதுவாக வளர்வதையும் காட்டியது. தமிழ் எழுத்துத் தொகுதி கன்னடத்தினும் சிறியதாயினும், அனைத்தையும் கற்ற பின்பே படிக்கத் தொடங்குதல் என்னும் அரிச்சுவடி மரபு, படிக்கும் இன்பத்தை ஒத்திவைக்கிறது. சில எழுத்துகளைக் கற்றவுடன் அவற்றால் ஆன நூலைப் படிக்கச் செய்வதே ஒலிமுறையின் சாரம்.

4. சிறு தொகுதியின் ஆற்றல்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அ என்னும் உயிர். ப, ட, ம என்னும் மூன்று வடிவங்கள். புள்ளி, ஆகாரக் குறி, இகரக் குறி ஆகிய ஏழு கூறுகளைக் கற்ற குழந்தை 13 எழுத்துகளைப் படிக்கும். அவற்றால் அம்மா, அப்பா, மாமா, மாமி, பாட்டி, படம், பட்டம், பாடம், படி, மாடி, மடி, அடி, அம்மி முதலிய சொற்கள் அமையும். உகர வரிசையில் பு, டு, மு என்னும் மூன்றை மட்டும் சேர்த்தால் மாடு, பாட்டு, பாம்பு ஆகியன கிடைக்கும். ‘பாட்டி, பாம்பு! மாமா, அடி!’ என ஒரு சிறு நிகழ்ச்சியையே எழுதிவிடலாம். விளிப்பெயரும் ஏவல்வினையும் விகுதியின்றி நிற்பதால் இத்தகைய தொடர்கள் தமிழில் இயல்பாக அமைகின்றன.

இச்சிறு தொகுதியிலேயே வல்லின மாற்றொலிகள் வந்துவிடுகின்றன. பாம்பு என்னும் சொல்லின் முதற் பகரம் ஒலிப்பிலா ஒலி. மகரத்தை அடுத்த பகரம் ஒலிப்புடை ஒலி. பட்டம் என்பதன் இரட்டித்த டகரமும் படம் என்பதன் டகரமும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு இடத்தால் முன்னறியத்தக்கது. தமிழ் பேசும் குழந்தை அதனைக் காதால் அறிந்தே வருகிறது. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் பல ஒலிகளைத் தனித்தனியே கற்பிக்க வேண்டுவதில்லை. குழந்தை அறிந்த சொற்களைத் தேர்ந்தால் சொல்லே ஒலியைத் திருத்திவிடும். மாறாக, குரு, பயம், பலம் போன்று ஒலிப்புடை ஒலியில் தொடங்கும் கடன்சொற்கள் இவ்விதியை உடைப்பவை. அவை பிந்திய நிலைக்கு உரியன.

5. இருவழக்கு

எழுத்துக்கூட்டிய குழந்தை, தான் உண்டாக்கிய ஒலித்தொடர் தனக்குத் தெரிந்த சொல் என உணரும் கணமே வாசிப்பின் பிறப்பு. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடும் தமிழில் இக்கணம் எளிதில் வாய்ப்பதில்லை. இலை என்பது பேச்சில் எலை. உடம்பு என்பது ஒடம்பு. போகிறான் என்பது போறான். எழுத்துக்கூட்டிப் பெற்ற ஒலி வீட்டில் கேட்ட ஒலியோடு இயையாதபோது, தான் தவறாகப் படித்ததாகக் குழந்தை கருதும்.

ஆதலின் முதல் நூல்களில் இரு வழக்கிலும் ஒத்த வடிவுடைய சொற்கள் மிகுந்திருத்தல் வேண்டும். அம்மா, பாட்டி, மாடு, வீடு, கால், பால் என்பன அத்தகையன. கொங்கு வழக்கில் தாய்வழிப் பாட்டனையும் பாட்டியையும் குறிக்கும் அப்புச்சி, அம்மாயி என்னும் சொற்கள் அவ்வழக்குடைய குடும்பங்களில் ஏற்றன. முற்றுவினைகளின் எழுத்து வடிவங்கள் பின்னர், பெரியோர் படித்துக் காட்டக் கேட்டுப் பழகிய பிறகு வரலாம்.

6. மலையாள எழுத்தறிவின் செல்வாக்கு

பெருமாட்டிக் குழந்தை பெரும்பாலும் மலையாள எழுத்தையும் உடன் கற்கிறது. இதனால் விளையும் நன்மையும் இடர்ப்பாடும் நூல்தேர்வில் கருதத்தக்கன.

நன்மைகள் பல. உயிர்க்குறி என்னும் கருத்தும், எகர, ஏகாரக் குறிகள் மெய்க்கு முன் நிற்றலும் அக்குழந்தைக்குப் புதியன அல்ல. ரகர றகர வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும் மலையாளத்தில் ஒலியளவில் காக்கப்படுகின்றன. தமிழகத்தின் பல வட்டாரங்களில் ஏட்டளவில் கற்க வேண்டிய வேறுபாடுகளை இக்குழந்தை செவியளவில் பெற்றிருக்கிறது.

இடர்ப்பாடுகள் நான்கு எனலாம். முதலாவது, மலையாளம் பல் நகரத்தையும் நுனியண்ண னகரத்தையும் ஓரெழுத்தாலேயே குறிக்கிறது. தமிழில் இரண்டெழுத்துகள் உள. மொழிமுதலிலும் தகரத்திற்கு முன்னும் நகரம், ஏனை இடங்களில் பெரும்பாலும் னகரம் என்னும் வரன்முறையை நூல் தன் சொற்களாலேயே உணர்த்த வேண்டும். இரண்டாவது, சொல்லிறுதிக் குற்றியலுகரத்தைத் தமிழ் உகரத்தால் எழுத, மலையாளம் மெய்யின்மேல் பிறைக்குறியிட்டு எழுதுகிறது. பாட்டு, காது என்பவற்றை மெய்யீறாக எழுதும் போக்கு இதனால் எதிர்பார்க்கத்தக்கது. மூன்றாவது, மெல்லினத்தை அடுத்த வல்லினம் மலையாளத்தில் பல சொற்களில் மெல்லினமாகிவிட்டது: தமிழ் மாங்காய், மலையாளம் மாங்ங, தமிழ் பஞ்சு, மலையாளம் பஞ்ஞி. நான்காவது, றகர இரட்டிப்பு. காற்று என்பது தமிழ்ப் பேச்சில் காத்து. ஏட்டு வாசிப்பில் றகரத்தோடு ஒலிக்கும். மலையாளத்திலோ நுனியண்ண வெடிப்பொலியின் இரட்டிப்பு. ஓரெழுத்துத் தொடருக்கு மூன்று ஒலிப்புகளைக் கேட்கும் குழந்தைக்கு இதனை முதல் நூலில் அளிப்பது பொருந்தாது.

இவ்விடங்களைக் கருதிய நூல், தமிழகப் பள்ளிக்கென எழுதப்பட்ட நூலினின்று சிறிதளவு வேறுபட்டே அமையும்.

7. மொழிபெயர்ப்பின் எல்லை

இன்று தமிழில் கிடைக்கும் படநூல்களுள் கணிசமானவை மொழிபெயர்ப்புகள். 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் இருமொழி நூல்களும், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் மின்தொகுப்பின் நூல்களும் குறிப்பிடத்தக்கன. பின்னதன் நூல்கள் திறந்த உரிமத்தில் வழங்கப்படுதலின் அவற்றை அச்சிடவும் மாற்றியமைக்கவும் இயலும். ஆனால் அந்நூல்களின் படிநிலைகள் சொல்லெண்ணிக்கை, தொடரின் எளிமை ஆகியவற்றைச் சுட்டுவன. எந்தெந்த எழுத்துகள் வந்துள்ளன என்பதைச் சுட்டுவன அல்ல. முதற்படி நூல் என்பது ஒலிமுறையின் முதல் நூல் ஆகிவிடாது.

ஆங்கில ஒலிமுறை நூலை மொழிபெயர்க்கும்போது சிக்கல் முற்றுகிறது. பூனை பாயில் அமர்ந்ததைக் கூறும் ஆங்கிலத் தொடரில் கேட், சேட், மேட் என்னும் மூன்று சொற்களும் ஓரே உயிரொலியும் ஓரே ஈற்றொலியும் உடையன; அவற்றைக் கற்பிப்பதே அத்தொடரின் பயன். தமிழில் பூனை, உட்கார்ந்தது, பாய் என வரும்போது பொருள் முழுமையாக வந்துசேர்கிறது. பயன் முழுமையாக மறைகிறது. பூனை என்பது ஊகாரக் குறியையும் ஐகாரக் குறியையும் வேண்டுகிறது. உட்கார்ந்தது ஏழெழுத்துச் சொல். ரகர நகர மெய்கள் அடுத்தடுத்து நிற்பது. பேச்சில் உக்காந்துச்சு எனத் திரிவது.

எனவே இவ்வகை நூலில் மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டியது மூலத்தின் பொருளன்று, மூலத்தின் பணி. அதற்கு மூன்று வழிகள் உள. எழுத்துத் தொகுதியை முதலில் வரையறுத்து, படத்தில் உள்ளவற்றுள் அத்தொகுதியால் பெயரிடத்தக்கதைக் கொண்டு புதுத்தொடர் அமைத்தல் ஒன்று. அந்நூலைத் தமிழ் எழுத்து வரிசையில் அதற்குரிய பிந்திய நிலைக்கு மாற்றுதல் மற்றொன்று. குழந்தை தானே படிக்கும் நூல் என்னும் பெயரை நீக்கி, படித்துக் காட்டும் நூல் என வெளிப்படையாக அறிவித்தல் மூன்றாவது. அட்டையில் இவ்வொரு குறிப்பு இருப்பின் பெற்றோரின் குழப்பம் பெரிதும் நீங்கும்.

8. தேர்வுக்கான அளவுகோல்கள்

மேற்கண்டவற்றால் வீட்டில் கற்கும் குழந்தைக்கு நூல் தேர்வோர் நோக்க வேண்டியவை பின்வருமாறு அமையும்:

(அ) நூலில் வரும் எழுத்துகள் வரையறுக்கப்பட்டு, அடுத்த நூலில் சிலவே கூடுதல்.
(ஆ) உகர, ஊகார வரிசைகள் மூவகையும் ஒருங்கே வராது, வகைவகையாக வருதல்.
(இ) தொடக்கச் சொற்கள் எழுத்திலும் பேச்சிலும் ஒத்த வடிவுடையனவாதல்.
(ஈ) மொழிமுதல் ஒலிப்புடைக் கடன்சொற்களும் றகர இரட்டிப்பும் பின்வைக்கப்படுதல்.
(உ) ஒற்று மிகுதல் வேண்டாத குறுந்தொடர்கள் முதலில் வருதல். வேண்டுமிடத்தில் ஒற்றை விட்டெழுதுதல் எளிமையாகாது.
(ஊ) படம் சொல்லை ஊகிக்க உதவாமல், படித்த பின் உறுதி செய்ய உதவுதல்.

இவை அனைத்தும் பொருந்திய நூல் கடைகளில் கிடைக்காதபோது, திறந்த உரிம நூலின் படங்களைக் கொண்டு வீட்டிலேயே தொடர் எழுதிக்கொள்ளலாம். ஒரு தாளில் எட்டுச் சொற்கள் போதுமானவை. பெற்றோர் மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவராயின், ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் மலையாள எழுத்தால் குறித்த ஒரு பெற்றோர் பக்கம் நூலின் இறுதியில் இருத்தல் பேருதவியாகும். தாயும் குழந்தையும் ஒன்றாகவே கற்பர்.

9. முடிவுரை

ஒலிமுறை நூல் ஒரு குறுகிய காலத்துக்குரியது. குழந்தை நெடுங்கணக்கைக் கைக்கொண்டதும் அதன் பணி முடிகிறது. அதுவரையிலும் கதையின் சுவையை அளிப்பவை பெரியோர் படித்துக் காட்டும் நூல்களும் வாய்மொழிக் கதைகளுமே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல் இரண்டையும் கெடுக்கும். எல்லைப்புறக் குழந்தை தமிழைக் கடினமான மொழி எனக் கருதிக் கைவிடுமாயின், அதற்குக் காரணம் தமிழ் எழுத்தாக இருக்க வேண்டுவதில்லை. பொருந்தாத வரிசையில் எழுதப்பட்ட முதல் நூலாகவும் இருக்கலாம். அவ்வரிசையை வகுத்தல் மொழியியலார் கடன். அதற்குள் நின்று கதை சொல்லுதல் மொழிபெயர்ப்பாளர் கடன்.