வறண்ட ஆறும் ஊர்க் கழிவுநீரும்

சித்தூர் நகருக்குள் ஓடும் நீவா ஆற்றின் நீர் பொன்னையாற்றின் வழியே தமிழ்நாட்டுக்குள் வந்து பாலாற்றில் சேர்கிறது. திருப்பதிக்குத் தெற்கே செல்லும் சுவர்ணமுகி, தமிழில் பொன்முகலி, காளத்தியைத் தொட்டு வங்கக் கடலை அடைகிறது. இரண்டும் மழையாறுகள். வெள்ளம் வடிந்த பிறகு மணலில் ஈரம் காட்டுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடைதான்.

நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும். 2011-லேயே ஒன்றரை லட்சம் பேரைத் தாண்டிவிட்ட சித்தூருக்கு இந்தக் கணக்குப்படி தினமும் 1.6 கோடி லிட்டருக்கு மேல் வரும். திருப்பதியில் குடியிருப்போருடன், வந்து குளித்துத் தங்கிப்போகும் பக்தர்களின் கழிவும் சேரும். அந்நகரின் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ரேணிகுண்டா பக்கம் தூக்கிவாக்கத்தில் உள்ளது. அதன் கொள்ளளவு நாளுக்கு 5 கோடி லிட்டர்.

நிலையத்துக்குள் நுழையும் நீரிலிருந்து துணி, பிளாஸ்டிக் போன்றவற்றைக் கம்பிச் சல்லடை பிடித்துக்கொள்ளும். அடுத்த தொட்டியில் மணல் படியும். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். காற்று ஊதப்படும் தொட்டியில் பாக்டீரியாக்கள் கரைந்த அழுக்கைத் தின்று பெருகி, திரளாகி, அடியில் கசடாகத் தங்குகின்றன. அந்தக் கசடில் ஒரு பங்கு மீண்டும் தொட்டிக்கே போகிறது, அடுத்து வரும் அழுக்கைத் தின்பதற்கு. 1914-இல் மான்செஸ்டரில் கண்டறியப்பட்ட இம்முறைதான் இன்றும் பெரும்பாலான நிலையங்களின் அடிப்படை. மேலே தெளிந்த நீரில் குளோரின் கலந்து கிருமி நீக்குவார்கள். மின்செலவில் பெரும்பகுதி காற்றூதிகளுக்கே. அவை நீண்ட நேரம் நின்றால் பாக்டீரியாக்கள் மடியும், நாற்றம் எழும்.

நிலம் கிடைக்கும் சிற்றூருக்குக் குளமுறை ஏற்றது. ஆழமான முதல் குளத்தில் கசடு படிந்து செரிக்கும். ஆழம் குறைந்த அடுத்த குளங்களில் வெயிலில் வளரும் பாசி ஆக்சிஜன் விடும். பாக்டீரியாக்கள் அதைக் கொண்டு வாழும். கடைசிக் குளத்தில் சூரிய ஒளியே கிருமிகளைக் கொல்லும். சித்தூரும் திருப்பதியும் அடங்கிய ராயலசீமையின் வெயில் இதற்குத் தாராளம்.

பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளின் செப்டிக் டேங்க்கை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். அந்த லாரி எங்கே கொட்டுகிறது என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம். ஏரிக்கரையில் கொட்டினால் நகரின் சுத்திகரிப்பு நிலையத்தால் ஒரு பயனும் இல்லை.

நீரிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனை பி.ஓ.டி. என்பார்கள். சாக்கடையில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். 1912-இல் பிரிட்டனின் அரச ஆணையம் ஆற்றில் விடும் நீருக்கு 20 மில்லிகிராம் என வரம்பிட்டது. ஆனால் விழும் கழிவைப்போல் எட்டு மடங்கு நன்னீராவது ஆற்றில் ஓடும் என்பது அந்த எண்ணின் அடிப்படை. இந்தியாவில் 2017 விதிகள் பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்றன. கலந்து நீர்க்க நன்னீரே இல்லாத நீவா போன்ற ஆற்றில் சிற்றூருக்குச் சலுகை என்பது தலைகீழ் நியாயம். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் பெருநகரம், மற்ற ஊர் என்ற பாகுபாட்டை ஏற்கவில்லை.

மணலாற்றில் விட்ட நீர் ஓடி மறைவதில்லை. கீழிறங்கி ஆற்றோரக் கிணறுகளைச் சேர்கிறது. மணல் கிருமிகளை ஓரளவு வடிகட்டும், நைட்ரேட்டை வடிகட்டாது. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கொதிக்க வைத்தாலும் குறையாது, கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. அதே நைட்ரேட் பயிருக்கு உரம். சுத்திகரித்த நீரை ஆற்றில் விடாமல் தீவனப் புல்லுக்கும் தென்னைக்கும் சாலையோர மரங்களுக்கும் பாய்ச்சினால் நைட்ரேட்டில் பெரும்பகுதியை வேர்களே எடுத்துக்கொள்ளும். பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு மட்டும் இந்நீர் ஆகாது.