கேஸ் தீரவில்லை, கசிகிறது!

‘‘கேஸ் குறைஞ்சு போச்சும்மா, நிரப்பிட்டா ஐஸ் மாதிரி காத்து வரும்!’’ கார் ஏ.சி. குளிரவில்லை என்று போய் நின்றால் பல இடங்களில் கிடைக்கும் பதில் இதுதான். பணத்தைக் கொடுத்து நிரப்பிக்கொண்டு வருகிறோம். ஒரே மாதத்தில் மறுபடியும் அனல் காற்று! இந்தத் தொல்லையில் மாட்டியிருக்கும் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் கணவர் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. தவணை இன்னும் முடியவில்லை. எங்கள் திருச்சி வெயிலில், ‘ஏ.சி. வேலை செய்யுதா?’ என்று கேட்டுவிட்டுத்தான் சவாரியே பேசுகிறார்கள். போன கோடையில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை கேஸ் நிரப்பினோம். தடவைக்கு 1,500 ரூபாய். மூன்றாவது தடவை அவர் கிளம்பியபோது நானும் கூடவே போனேன்.

‘‘எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு 11 வருஷமா கேஸ் போட்டதே இல்லையே அண்ணே, கார்ல மட்டும் எங்கே போகுது?’’ என்று கேட்டேன். ‘‘கார்னா அப்படித்தாம்மா’’ என்றார். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. வேறு இடத்துக்கு வண்டியை விடச் சொன்னேன்.

அங்கே இருந்த பெரியவர் பொறுமையாக விளக்கினார். அடுப்பு கேஸ் எரிந்து தீர்ந்துவிடும். ஏ.சி. கேஸ் அப்படியல்ல, குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். ஃப்ரிட்ஜில் முழுக்க உலோகக் குழாய், அதையும் பற்ற வைத்து மூடிவிடுகிறார்கள். காரில் கம்ப்ரெஸர் என்ஜினோடு சேர்ந்து ஆடுவதால், அதற்கு வளைந்து கொடுக்கும் ரப்பர் ஹோஸ் வேண்டும். என்ஜின் சூட்டில் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். அலுமினியக் குழாயோடு சேரும் இடத்தில் பிடி தளரும். பல வருடங்களில் கொஞ்சம் குறைவது சகஜம். மாதக் கணக்கில் காலியானால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

பேசிக்கொண்டே என்ஜினை நிறுத்திவிட்டு, ஹோஸின் முனையில் சோப்பு நுரையைத் தடவினார். குபுகுபுவென்று முட்டை விட்டது! சிலிண்டர் ட்யூபில் நாம் பார்க்கிற அதே வித்தைதான். புது ஹோஸ், ஓ-ரிங், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு இந்தக் கோடை முழுக்க ஒரு தடவைகூட கேஸ் நிரப்பவில்லை.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை:

* ஏ.சி. ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவது. கேஸ் கசிந்தால் தண்ணீராகச் சொட்டாது.

* ஹோஸ் முனையில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கேஸோடு கம்ப்ரெஸர் எண்ணெயும் கலந்து ஓடுகிறது. கசியும் இடத்தில் அதுவும் வெளியே வரும். எண்ணெய் போதாமல் கம்ப்ரெஸர் பழுதானால் செலவு பல மடங்கு.

* டேப் சுற்றுவது, எம்-சீல் வைப்பது எல்லாம் நிற்காது. கார் டயரில் இருப்பது 30, 35 பவுண்டு காற்று. ஏ.சி. ஓடும்போது அழுத்தம் கூடிய பக்கத்து ஹோஸில் 200 பவுண்டு வரை போகும். கடும் வெயிலில் அதற்கு மேலும் ஏறும்.

* ஹோஸ் மாற்றிய பிறகு வேக்குவம் பம்பு போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

* கேஸை எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்று பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதிகமானாலும் குளிராது.

* நாமே ஹோஸைக் கழற்றக் கூடாது. இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கார்களில் இருந்த ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தை அரித்ததால், 1987-ல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்! ஆக, கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் நம் காசும் போகிறது, வெயிலும் கூடுகிறது.

வண்டி விஷயம் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள் தோழிகளே. வீட்டுப் பணம்தானே அங்கே போகிறது? ‘‘கேஸ் அப்புறம் போடலாம், எங்கே கசியுதுன்னு முதல்ல காட்டுங்க’’ என்று தைரியமாகக் கேளுங்கள். மாற்றிய பழைய ஹோஸையும் கையோடு வாங்கிப் பாருங்கள்.

– ஓர் இல்லத்தரசி, திருச்சி