31-க்கும் 33-க்கும் இடையே ஓர் உழவன்

"இலைதானே கிழிந்திருக்கிறது, தட்டை நிற்கிறதே!" புயலுக்குப் பின் மக்காச்சோளக் கொல்லையின் வரப்பில் நின்று இப்படிச் சொல்லும் அதிகாரிகளை உழவர் பெருமக்கள் நன்கறிவர். இலை என்ன, வாசலில் கட்டிய தோரணமா? ஞாயிற்றின் ஒளியை வாங்கிக் கதிருக்கு உணவு சமைக்கும் அடுப்பல்லவா அது! அடுப்பை உடைத்துவிட்டு, பானை முழுசாக இருக்கிறதென்று மகிழ்வார் உண்டோ?

ஆயினும், எல்லா இலையிழப்பும் ஒன்றல்ல என்பதை நாம் மறுக்கவில்லை. ஐந்தாறு இலை விடும்வரை பயிரின் குருத்துமுனை மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆலங்கட்டி மழை மேலே மொட்டையடித்தாலும் மறுபடி தழைக்கும். அமெரிக்காவில் ஆலங்கட்டிக் காப்பீட்டுக்கென வகுத்த அட்டவணை, 7 இலைப் பருவத்தில் இலை முழுதும் போனாலும் விளைச்சலில் 9 விழுக்காடே குறையும் என்கிறது. அதே இழப்பு ஆண்பூ வெளிவரும் நாளில் நேர்ந்தால்? 100 விழுக்காடும் போயிற்று! பாதி இலை போனால் 31. பிறகு மணி முற்ற முற்றச் சேதம் குறையும். கணிப்பதற்கும் 7 முதல் 10 நாள் பொறுக்கிறார்கள். கிழிந்த இலையானாலும் பச்சையாக இருக்கும்வரை அது உழைக்கும்.

இந்த 31-ஐ வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். பயிர் 50 விழுக்காடு அழிந்தால்தான் நிவாரணம் என்றிருந்த விதியை, 2015 ஏப்ரலில் மத்திய அரசு 33 ஆகத் தளர்த்தியது. நல்லது, வரவேற்கத்தக்கதே. ஆனால் பூக்கும் நாளில் பாதி இலையைப் பறிகொடுத்தவன், அந்த அட்டவணைப்படி, இரண்டே விழுக்காட்டால் வாசலில் நிறுத்தப்படுவான்! பருவம் பாராமல் ஒரே பார்வையில் எழுதும் கணக்கு அவனை இன்னும் கீழே தள்ளும்.

அதே மாதம் 21-ந் தேதி இரவு, பீகாரின் பூர்ணியா வட்டாரத்தைச் சூறைக்காற்று தாக்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறுவடையை நெருங்கிய மக்காச்சோளம் சாய்ந்தது. அந்தப் பருவத்தில் இலை போவதைவிடத் தட்டை முறிவதே பெருங்கேடு. மண்ணில் கிடக்கும் கதிரைப் பூஞ்சணம் தின்னும். அங்கே உழுவோரில் பலர் வாரத்துக்குப் பயிரிடுவோர். கையில் பட்டா இல்லை. வாரதாரர்களைப் பதிவு செய்க என்று பந்தோபாத்தியாயா ஆணையம் 2008-ல் பரிந்துரைத்தது. மாநில அரசு அதைக் கிடப்பில் போட்டது.

பருவத்தைக் குறித்து, பத்து நாள் கழித்து மறுபடி வந்து, உழுதவன் பெயரிலேயே கணக்கெடுக்க வேண்டும் என்கிறோம். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாமே, ஒரு சுற்றறிக்கை போதாதா?